மனச்சோர்வுக்கு இக்னேஷியா போதுமா? மாத்திரையை நிறுத்தும் முன்

கரிசல்காடு | 3 ஜூன் 2024, இரவு 9.12

மன அழுத்தத்துக்கு இங்கிலீஷ் மாத்திரை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது. ஹோமியோவில் இக்னேஷியா 200 வாரம் ஒரு வேளை, காலி பாஸ் 6எக்ஸ் தினம் நாலு நாலாக மூன்று வேளை. பக்கவிளைவு பூஜ்யம், மூன்று மாதத்தில் தேறிவிடலாம். எஸ்சிட்டலோபிராம் 10 (மனச்சோர்வுக்கான இங்கிலீஷ் மாத்திரை, 10 மி.கி.) சாப்பிடுகிறவர்கள் இதை ஆரம்பித்த அன்றைக்கே அதை நிறுத்திவிடலாம் என்றும் சொல்கிறார்கள். இதில் தப்பு என்ன? "அது வெறும் சர்க்கரை" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம், அதை நூறு தடவை படித்தாயிற்று.

எட்டிக்கொட்டை | 3 ஜூன், இரவு 9.58

நாலு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். கடைசியில் இருப்பதுதான் ஆபத்து, அதை முதலில் எடுக்கிறேன்.

எஸ்சிட்டலோபிராமை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. அதன் அரைவாழ்வு, அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறையும் நேரம், 27 முதல் 32 மணி, ஆக ஏறக்குறைய ஒரு வாரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். இரண்டாம், மூன்றாம் நாளிலேயே தலைச்சுற்றல், குமட்டல், கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, கெட்ட கனவு, காரணமில்லாத எரிச்சல், அழுகை எல்லாம் தொடங்கலாம். எல்லாருக்கும் வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. பராக்ஸெடினும் வென்லாஃபாக்ஸினும் இந்த விஷயத்தில் மோசமானவை. ஃப்ளூஆக்ஸெடின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கி மெதுவாக வெளியேறுவதால் அதில் தொல்லை குறைவு.

"ஆயுசுக்கும் விட முடியாது" என்பதும் சரியில்லை. முதல் தடவை வந்த மனச்சோர்வு என்றால், குணமான பிறகு இன்னும் 6 முதல் 9 மாதம் தொடர்ந்துவிட்டு, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதே வழக்கம். திரும்பத் திரும்ப வருபவர்களுக்குக் காலம் நீளும். மீதி நாளைக்கு.

வீரியம்30 | 3 ஜூன், இரவு 10.31

நான் பி.எச்.எம்.எஸ்., ஹோமியோபதிப் பட்டப்படிப்பு. எங்கள் பாடத்திலும் "அன்றைக்கே நிறுத்து" என்று எங்கேயும் இல்லை. அதைச் சொல்பவர் ஹோமியோபதியையும் சரியாகப் படிக்கவில்லை.

"மன அழுத்தத்துக்கு இக்னேஷியா" என்பதே எங்கள் முறைக்கு எதிரானது. நோயின் பெயருக்கு மருந்து கிடையாது, ஆளுக்குத்தான். துக்கத்துக்குப் பிறகு அடிக்கடி பெருமூச்சு, தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்த உணர்வு, மாறி மாறிச் சிரிப்பும் அழுகையும் என்றால் இக்னேஷியா. ஆறுதல் சொன்னால் கோபம் வரும், தனியே போய் அழுவார் என்றால் நேட்ரம் மூர். ஆறுதல் சொன்னால் தேறுவார், எல்லார் முன்னாலும் அழுவார் என்றால் பல்சட்டில்லா. பெற்ற பிள்ளை மேலேயே பற்று விட்டுப்போனால் செபியா. தன்மேல் வெறுப்பு முற்றி உயிரை விடும் எண்ணம் என்றால் அவ்ரம் மெட், அதாவது தங்கம். ரெபர்டரியில், அதாவது குறிகளை வைத்து மருந்து தேடும் நூலில், மனக்குறிகள் அத்தியாயம்தான் முதலில் வரும், அதைத் தொகுத்த கென்ட் காலத்திலிருந்து அப்படித்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடைசி வகை ஆள் வந்தால் அவ்ரம் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்து வரச்சொல்லக் கூடாது. அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும்.

எட்டிக்கொட்டை | 4 ஜூன், காலை 7.20

கடைசிப் பத்திக்கு நன்றி, வீரியம். அதை இழையின் தலையில் ஒட்டிவைக்க வேண்டும்.

இப்போது காலி பாஸ். 6எக்ஸ் என்றால் பத்தில் ஒன்றாக ஆறு தடவை, ஆகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மாத்திரை ஒன்று சுமார் 100 மி.கி., எல்லாம் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. அதில் பொட்டாசியம் பாஸ்பேட் 0.1 மைக்ரோகிராம். தினம் 12 மாத்திரைக்கு 1.2 மைக்ரோகிராம். அதில் பொட்டாசியம் மட்டும் பாதிக்கும் குறைவு, அரை மைக்ரோகிராம் சொச்சம். ஒரு வாழைப்பழத்தில் 400 மி.கி. இருக்கும். ஒரே ஒரு வாழைப்பழத்தின் பொட்டாசியத்தை எட்ட, தினம் 12 மாத்திரை வீதம் 2,000 ஆண்டு சாப்பிட வேண்டும். திருவள்ளுவர் காலத்தில் ஆரம்பித்திருந்தால் இப்போது முடிந்திருக்கும்.

இக்னேஷியா 200 இன்னும் மேலே. சி வரிசையில் ஒவ்வொரு படியும் நூறில் ஒன்று. 12சி-யிலேயே 1-க்குப் பின் 24 பூஜ்யம், அவகாட்ரோ எண்ணை (ஒரு மோல் பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 6-க்குப் பின் 23 பூஜ்யம்) தாண்டியாயிற்று. 30சி என்றால் 60 பூஜ்யம். 200சி என்றால் 400.

எட்டிக்கொட்டை | 4 ஜூன், காலை 8.05

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். "12சி-யில் தாண்டும்" என்பது ஒரு முழு மோல் பொருளோடு ஆரம்பித்தால்தான். யாரும் அப்படி ஆரம்பிப்பதில்லை. இக்னேஷியா என்பது நம் எட்டிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி ஒரு கொடியின் விதை. நக்ஸ் வாமிகா என்ற இன்னொரு ஹோமியோ மருந்துதான் எட்டிக்கொட்டை. இரண்டிலும் ஸ்ட்ரிக்னின் என்ற விஷம் உண்டு. தாய்த்திரவம், அதாவது நீர்க்கத் தொடங்கும் முன்னுள்ள மூலச் சாறு, ஒரு மி.லி.யில் 1 மி.கி. ஸ்ட்ரிக்னின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு எடை 334, ஆக 18-க்குப் பின் 17 பூஜ்யம் எண்ணிக்கையில் மூலக்கூறுகள். 9சி வரும்போது ஒரு மி.லி.யில் சராசரியாக இரண்டுக்கும் குறைவு. 10சி-யில் நூறு பாட்டிலுக்கு ஒன்றிரண்டில் ஒரு மூலக்கூறு அகப்பட்டால் அதிர்ஷ்டம்.

இதன் மறுபக்கம்: தாய்த்திரவத்திலும் 2எக்ஸ், 3எக்ஸ் போன்ற கீழ் வீரியங்களிலும் ஸ்ட்ரிக்னின் நிஜமாகவே இருக்கும். "ஹோமியோ என்றால் பக்கவிளைவு பூஜ்யம்" என்ற வரி மேல் வீரியத்துக்கு மட்டும் பொருந்தும். காரணம், அங்கே மூலக்கூறே இல்லை.

வீரியம்30 | 4 ஜூன், மதியம் 1.44

கணக்கு சரி. மறுக்கவில்லை. ஆனால் தங்கம், செம்பு, துத்தநாகம் முதலான ஆறு உலோக மருந்துகளை ஐஐடி பம்பாயில் 2010-இல் பார்த்து, 200சி-யிலும் நானோ துகள் இருப்பதாக வெளியிட்டார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

எட்டிக்கொட்டை | 4 ஜூன், மாலை 6.30

படித்திருக்கிறேன். அதில் உறுத்துவது ஒன்று: 6சி-க்குப் பிறகு 30சி, 200சி இரண்டிலும் துகளின் அளவு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிடுகிறது. அதாவது, குலுக்கும்போது துகள்கள் நுரையோடு மேலே மிதக்கின்றன, மேல்பகுதியை எடுத்து அடுத்த பாட்டிலில் விடுகிறார்கள், அதனால் நீர்த்தல் நடக்கவில்லை என்பது அவர்களே சொல்லும் விளக்கம். அப்படியானால் 30-க்கும் 200-க்கும் வித்தியாசம் என்ன? வீரியம் ஏற ஏற ஆழமாக வேலை செய்யும் என்ற கொள்கைக்கே அது எதிர்ச்சாட்சி. மேலும் இக்னேஷியா உலோகம் அல்ல, ஆல்கஹாலில் கரையும் தாவரச் சத்து. அதற்கு இந்த ஆய்வு பொருந்தாது.

தங்கம் கரையாது என்பதால் முதலில் பால் சர்க்கரையோடு கல்வத்தில் அரைப்பார்கள். ஒரு பங்கு மருந்து, 99 பங்கு சர்க்கரை. சர்க்கரையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஆறு நிமிடம் அரைத்து நாலு நிமிடம் சுரண்டி, மறுபடியும் அதேபோல். ஒரு படிக்கு முழுசாக ஒரு மணி நேரம். மூன்று படி முடிந்த பிறகுதான் திரவத்துக்கு மாறும். கையால் அரைத்த பழைய நாளில் தோள்பட்டைக்கு நல்ல பயிற்சி, மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி உதவும் என்பது வேறு நிரூபணமாகியிருக்கிறது.

கரிசல்காடு | 4 ஜூன், இரவு 8.15

இத்தனை கணக்கும் இருக்கட்டும். ஆய்வில் தேறியதா இல்லையா? அதுதானே கேள்வி.

எட்டிக்கொட்டை | 5 ஜூன், காலை 6.50

நியாயம். மனச்சோர்வுக்கு மட்டும் பார்ப்போம். நல்ல தரத்தில் வந்தவை கை விரலுக்குள் அடங்கும்.

ஹோமியோ பக்கம் அதிகம் காட்டுவது பிரேசில் ஆய்வு, 2011-இல் அச்சானது. 91 பேர், மிதமானதும் கடுமையானதுமான மனச்சோர்வு. ஒரு பாதிக்கு ஆளுக்கேற்ற எல்எம் வீரியம், மறுபாதிக்கு ஃப்ளூஆக்ஸெடின். எட்டு வாரம். ஹோமியோ பின்தங்கவில்லை என்பது முடிவு. பிரச்சினை எங்கே? வெற்று மாத்திரை கொடுத்த மூன்றாவது குழு இல்லை. மனச்சோர்வு ஆய்வுகளில் வெற்று மாத்திரைக்கே மூன்றில் ஒரு பங்கு ஆட்கள், சில சமயம் அதற்கும் மேல், தேறுவார்கள். இரண்டு குழுவும் சேர்ந்து இறங்கினால் இரண்டும் வேலை செய்ததா, இரண்டுமே காலத்தால் ஆறியதா என்று பிரிக்க வழியில்லை. எல்எம் என்பது ஒவ்வொரு படிக்கும் ஐம்பதாயிரத்தில் ஒன்று. மூன்றாம், நாலாம் படியிலேயே மூலக்கூறு தீர்ந்துவிடும்.

அதே ஆய்வாளர் பெர்லினில் அடுத்ததைச் சரியாகத் திட்டமிட்டார். நாலு குழு, வெற்று மருந்தும் உண்டு, மருந்தின் பங்கையும் நேர்காணலின் பங்கையும் தனித்தனியே பிரிக்கும் வடிவம். தேவை 228 பேர். சேர்ந்தது 44. 2013-இல் வெளியானது. அந்த எண்ணிக்கையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதினார்கள். இந்தத் துறையில் கேட்க வேண்டிய கேள்வியைச் சரியாகக் கேட்டது அந்த ஒன்றுதான், அது ஆள் கிடைக்காமல் படுத்துவிட்டது. சங்கடம்.

மூன்றாவது மெக்சிகோ, 2015. மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்கள் 133 பேர், ஆறு வாரம், இதில் வெற்று மருந்துக் குழு உண்டு. மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் ஹோமியோ வெற்று மருந்தைவிட 5 புள்ளி கூடுதலாக இறக்கியது, ஃப்ளூஆக்ஸெடின் 3.2 புள்ளி. ஹோமியோவுக்குச் சாதகமான ஆகச் சிறந்த சான்று இதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஒரே மருத்துவமனை, ஆறு வாரம், குழுவுக்கு நாற்பது சொச்சம் பேர். இன்னொரு இடத்தில் வேறு ஆட்கள் செய்து அதே விடை வரும்வரை ஒற்றைக் கல் தூண்தான்.

எல்லா நோய்க்கும் சேர்த்துப் பார்த்தால், 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் 110 ஹோமியோ ஆய்வுகளை 110 அலோபதி ஆய்வுகளோடு ஒப்பிட்டார்கள். பெரிய, தரமான எட்டை மட்டும் எடுத்தபோது ஹோமியோவின் விளைவு வெற்று மருந்தோடு ஒட்டிவிட்டது. 2015-இல் ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆய்வு மன்றம் 61 நோய்நிலைகளுக்கு 176 ஆய்வுகளைப் பார்த்து, எதற்கும் நம்பத்தகுந்த சான்று இல்லை என்றது. 2021 ஜனவரி 1 முதல் பிரான்ஸ் அரசு ஹோமியோ மருந்துக்குப் பணம் திருப்பித் தருவதை நிறுத்தியது.

வீரியம்30 | 5 ஜூன், காலை 9.10

அலோபதி மாத்திரை மட்டும் என்ன வாழ்கிறதாம்? 2018-இல் லான்செட்டில் 522 ஆய்வு, 21 மாத்திரை, 1,16,477 பேர். வெற்று மாத்திரையைவிட மேல்தான், ஆனால் சராசரி வித்தியாசம் சிறியது என்று அதிலேயே இருக்கிறது. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி பேசாதீர்கள்.

எட்டிக்கொட்டை | 5 ஜூன், காலை 9.42

ஒப்புக்கொள்கிறேன். சிறியதுதான். லேசான மனச்சோர்வில் மாத்திரையின் ஆதாயம் மிகக் குறைவு, கடுமையானதில் கூடுதல். அதனால்தான் லேசானதற்கு எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளே சொல்கின்றன. மடு என்றாலும் 522 தடவை ஆழம் பார்த்த மடு.

தாழ்வாரம் | 5 ஜூன், மாலை 5.25

உளவியல் ஆலோசனைப் பக்கத்திலிருந்து. நீங்கள் இருவரும் ஹோமியோவின் சர்க்கரை உருண்டையைச் சுற்றியே வருகிறீர்கள். உருண்டையோடு வேறு என்னவெல்லாம் கொடுக்கப்படுகிறது என்று பாருங்கள்.

முதலில் காலம். சிகிச்சையே இல்லாத மனச்சோர்வில் மூன்று மாதத்தில் 23% பேரும், ஆறு மாதத்தில் 32% பேரும், ஓராண்டில் 53% பேரும் தானாக மீள்வதாக 2013-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. கரிசல் சொன்ன "மூன்று மாதத்தில் தேறிவிடலாம்" என்பது நாலில் ஒருவருக்கு எதுவும் சாப்பிடாமலே உண்மை. இதைத் திருப்பிப் போட்டும் படிக்க வேண்டும்: ஓராண்டு முடிந்தும் பாதிப்பேர் அதிலேயே கிடக்கிறார்கள்.

அடுத்தது பேச்சு. ஹோமியோவில் முதல் நேர்காணல் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். தூக்கம், கனவு, பசி, எதற்கு அழுகை வருகிறது, யார் சொன்ன சொல் இன்னும் உறுத்துகிறது, எல்லாம் கேட்பார்கள். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அந்த ஆளை நிமிர்ந்து பார்க்கவே நேரம் இருக்காது. இங்கிலாந்தில் முடக்குவாத நோயாளிகள் 83 பேரை வைத்து 24 வாரம் ஓர் ஆய்வு, 2011-இல் வெளியானது. நேர்காணல் கிடைத்தவர்கள் தேறினார்கள். உருண்டையில் மருந்து இருந்ததா, வெறும் உருண்டையா என்பது எந்த வித்தியாசமும் செய்யவில்லை.

வீரியம்30 | 5 ஜூன், மாலை 5.50

அது மூட்டுக்கு. மனசுக்கு இல்லை.

தாழ்வாரம் | 5 ஜூன், மாலை 6.04

சரிதான், நேரடியாக ஒட்டவைக்கக் கூடாது. மனசுக்கே வேறொன்று தருகிறேன். கோவாவில் மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரை வைத்துச் செய்தது, லான்செட்டில் 2017. ஆறு முதல் எட்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30, 40 நிமிடம். மூன்று மாதத்தில் மீண்டவர்கள் 64%, வழக்கமான கவனிப்பில் 39%. பிஎச்க்யூ-9 (மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்) மதிப்பெண் 14-க்கு மேல் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள், லேசான ஆட்களை அல்ல.

செய்தது வெறும் ஆறுதல் பேச்சும் இல்லை. நடத்தையைத் தூண்டும் முறை. ஒரு வாரத்துக்கு மணிவாரியாக என்ன செய்தார், அப்போது மனசு பத்துக்கு எத்தனை என்று எழுதச் சொல்வது. அதில் மனசு ஒரு புள்ளியாவது ஏறிய வேலைகளைக் குறிப்பது. அவற்றை அடுத்த வாரக் கட்டத்தில் நாள், நேரம் போட்டு நிரப்புவது. "மனசு வந்ததும் செய்கிறேன்" என்பதைத் தலைகீழாக்குவதுதான் சூட்சுமம்: செய்தால்தான் மனசு வரும். தவறுவது எங்கே என்றால் முதல் வாரமே "தினம் ஒரு மணி நேரம் நடை" என்று எழுதிவிடுவார்கள். படுக்கையைவிட்டு எழாத ஆளுக்கு அது மலை. பல் துலக்கி வாசல்படி வரை வந்து பத்து நிமிடம் உட்காருவது போதும், அடுத்த வாரம் தெருமுனை.

எட்டிக்கொட்டை | 5 ஜூன், இரவு 9.30

தாழ்வாரம் சொன்னதை வைத்து யோசித்தால் பழைய கதை ஒன்று வேறு மாதிரி தெரிகிறது. ஹோமியோபதியை உருவாக்கிய ஹானிமன் 1792-இல் கியோர்கெந்தால் என்ற ஊரில் க்ளோக்கன்பிரிங் என்ற அதிகாரியின் பைத்தியத்தைக் குணப்படுத்தினார். அந்தக் காலத்தில் சங்கிலியும் அடியும்தான் வைத்தியம். இவர் கட்டவில்லை, அடிக்கவில்லை, முதலில் சில நாள் சும்மா கவனித்துக்கொண்டே இருந்தார். ஹோமியோபதிக் கொள்கையை அவர் முதன்முதலாக அச்சில் வைத்தது 1796-இல். அதாவது அவருடைய பேர்பெற்ற மனநல வெற்றி, ஹோமியோபதி பிறக்க நாலு ஆண்டுக்கு முந்தியது. மனுஷத்தனம் முதலில் வந்தது, உருண்டை பிறகு வந்தது.

வீரியம்30 | 5 ஜூன், இரவு 10.02

அவருடைய ஆர்கனான் நூலில் 210 முதல் 230 வரை பத்திகள் மனநோய்க்கே. நோயாளியை அடிக்காதே, பரிகசிக்காதே என்று அதிலும் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை எங்கள் ஆட்களே வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

இன்னொரு தொழில் ரகசியம் சொல்லிவிடுகிறேன். ஒரு வேளை 200 கொடுத்தால் அடுத்த மூன்று வாரமும் தினம் சாப்பிடக் கொடுக்கும் உருண்டை பெரும்பாலும் சாக்லாக். வெறும் பால் சர்க்கரை. சீட்டில் எஸ்.எல். என்று எழுதியிருக்கும். மருந்து வேலை செய்யும்போது குறுக்கே மருந்து போடக் கூடாது, ஆனால் கையில் எதுவும் இல்லை என்றால் துயரர் தவித்துப்போவார் என்பதால். ஆக வெற்று மருந்தின் பலத்தை எங்கள் முறை ஆரம்பத்திலிருந்தே ஒப்புக்கொண்டிருக்கிறது.

எட்டிக்கொட்டை | 5 ஜூன், இரவு 10.06

நோயாளியைத் "துயரர்" என்று சொல்வது தமிழ் ஹோமியோக்காரர்கள் மட்டும்தான். நல்ல சொல். இந்த இழையில் நான் முழு மனசோடு ஏற்றுக்கொண்ட முதல் ஹோமியோ மருந்து.

கரிசல்காடு | 6 ஜூன், காலை 10.20

ஹைப்பரிகம் தாய்த்திரவம் 20 சொட்டு மூன்று வேளை என்றும் ஒரு குறிப்பு கையில் இருக்கிறது. அதற்கு அலோபதி ஆய்வே இருக்கிறதாமே?

எட்டிக்கொட்டை | 6 ஜூன், மதியம் 12.48

இங்கேதான் பலர் வழுக்குவது. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையும் ஹோமியோவின் ஹைப்பரிகமும் ஒரே செடி, வேறு வேறு வைத்தியம். மூலிகைச் சாற்றுக்கு நல்ல ஆய்வு உண்டு: ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2008 தொகுப்பில் 29 ஆய்வு, 5,489 பேர், வெற்று மருந்தைவிட மேல், மாத்திரைகளுக்குச் சமம். ஆனால் அந்த அளவு தினம் 900 மி.கி. அடர்த்தியாக்கிய சாறு, காய்ந்த செடிக் கணக்கில் மூன்று முதல் ஆறு கிராம். தாய்த்திரவம் பத்தில் ஒன்று வலு. 20 சொட்டு ஒரு மி.லி., அதில் செடி 100 மி.கி. மூன்று வேளைக்கு 300. பத்தில் ஒரு பங்கைத் தொட்டால் பெரிது. ஹோமியோவிலேயே ஹைப்பரிகம் நரம்பு நசுங்கிய காயத்துக்குத்தான் முதலில் பேசப்படுவது, மனச்சோர்வுக்கு அல்ல.

மூலிகை அளவில் எடுத்தால் வேறு தலைவலி. அதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் கல்லீரலின் மருந்து உடைக்கும் நொதிகளை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், மாற்றிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின், இதயத்துக்கான டிகாக்ஸின், எச்ஐவி மருந்து எல்லாம் ரத்தத்தில் குறைந்துபோகும். சிறுநீரகம் மாற்றியவருக்கு அது உறுப்பை இழக்கும் காரியம். எஸ்சிட்டலோபிராமோடு சேர்த்தால் செரட்டோனின் மிகையாகி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், தசை விறைப்பு வரை போகலாம். இரண்டையும் சேர்க்கவே கூடாது.

தாய்த்திரவம் என்று வந்ததால் இரண்டு சங்கதி. ராவுல்ஃபியா தாய்த்திரவத்தை ரத்தக்கொதிப்புக்குச் சொட்டுச் சொட்டாகப் பலர் எடுக்கிறார்கள். அது சர்ப்பகந்தா, அதில் ரிசர்பின் இருக்கிறது, நரம்பு முனைகளில் சேமித்த மோனோஅமின்களை (செரட்டோனின் போன்ற செய்தி கடத்தும் வேதிப்பொருட்களை) காலிசெய்யும். ஏற்கெனவே மனச்சோர்வுள்ளவர் அதைத் தொடக் கூடாது என்பது மருந்தியல் பாடம். (ரிசர்பின் புதிதாக மனச்சோர்வை உண்டாக்கும் என்ற பழைய கூற்றுக்கு இப்போது மறுப்பு இருக்கிறது, நான் பேசுவது ஏற்கெனவே உள்ளவர்களைப் பற்றி.)

இன்னொன்று ஆல்கஹால். குடியை நிறுத்த டைசல்ஃபிரம் சாப்பிடுகிறவர் தாய்த்திரவமோ டைலூஷனோ (ஆல்கஹாலில் நீர்த்த மருந்து) நேராகச் சொட்டக் கூடாது. முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வரும். 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோ மருந்தைச் சில்லறையில் 30 மி.லி.க்கு மேல் அடைத்து விற்கக் கூடாது என்று சட்டவிதியே இருக்கிறது, கடையில் எல்லா பாட்டிலும் அந்தக் குட்டி அளவில் இருப்பது அதனால்தான். உருண்டையில் நனைத்துக் காயவைத்தால் ஆல்கஹால் ஆவியாகிவிடும். குடியும் மனச்சோர்வும் கைகோத்து வருபவை என்பதால் இதை நீட்டிச் சொன்னேன்.

தாழ்வாரம் | 6 ஜூன், இரவு 8.40

எல்லாவற்றிலும் முக்கியமானதை இன்னும் யாரும் தொடவில்லை. அக்ரவேஷன். மருந்து ஆரம்பித்ததும் நோய் கொஞ்சம் கூடிப் பிறகு குறையும், கூடுவது நல்ல அறிகுறி என்பது.

ஒருவர் எஸ்சிட்டலோபிராமை நிறுத்திவிட்டு உருண்டை ஆரம்பிக்கிறார். நாலாம் நாள் தூக்கமில்லை, அழுகை, பதற்றம். இதற்கு மூன்று விளக்கம் உண்டு. மாத்திரை நின்றதன் எதிர்வினை: ஓரிரு நாளில் தொடங்கும், தலைச்சுற்றலும் அந்தக் கரண்ட் வெட்டும் கூட வரும், மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தால் பெரும்பாலும் சீக்கிரம் அடங்கும். பழைய நோய் திரும்புவது: வாரக்கணக்கில் மெதுவாக ஏறும், காலையில் மோசம், ருசி, ஆசை எல்லாம் வற்றும். மூன்றாவது அக்ரவேஷன்: "நல்லதுக்குத்தான், பொறுங்கள்." முதல் இரண்டுக்கும் உடனே செய்ய வேண்டியது இருக்கிறது. மூன்றாவது பெயரை ஒட்டினால் அதைச் செய்ய வேண்டிய நாட்களெல்லாம் கண்மூடிப் போய்விடும். உருண்டையால் கெடுதல் இல்லை, அந்தப் "பொறுங்கள்" கெடுக்கும்.

வீரியம்30 | 6 ஜூன், இரவு 9.15

மனசு சம்பந்தப்பட்ட கேஸில் அக்ரவேஷன் என்ற சொல்லையே துயரரிடம் சொல்லக் கூடாது. மாத்திரையில் இருப்பவரை எடுத்தால், எழுதிய மருத்துவர் சொல்லாமல் அளவில் கை வைக்கக் கூடாது. உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் சாக்லாக் கொடுத்து அனுப்புவது குற்றம். இதில் உங்களோடு நிற்கிறேன்.

எட்டிக்கொட்டை | 7 ஜூன், காலை 7.05

எஸ்சிட்டலோபிராமைக் குறைப்பது எப்படி என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்குப் பொதுவில். எழுதிக்கொடுத்த மருத்துவரோடுதான், நேரம் நன்றாக இருக்கும் காலத்தில், பரீட்சை, பிரசவம், இழவு போன்றவற்றுக்கு நடுவில் வேண்டாம். 10 மி.கி.யிலிருந்து 5-க்கு இறங்கி, இரண்டு முதல் நாலு வாரம் நின்று பார்ப்பது வழக்கமான முதல் படி. எல்லாரும் தடுக்கி விழுவது 5-லிருந்து பூஜ்யத்துக்கு. காரணம் மூளையில் செரட்டோனினைத் திரும்ப உள்ளிழுக்கும் புரதங்களில் அளவும் விளைவும் நேர்கோட்டில் போவதில்லை. அதன் நெருங்கிய உறவான சிட்டலோபிராமில் 20 மி.கி. சுமார் 80% இடத்தைப் பிடித்தால், 5 மி.கி.யே 60% அளவுக்குப் பிடித்துவைத்திருக்கும். ஆக கடைசிச் சின்னத் துண்டுதான் பெரிய பள்ளம். 2.5, அதற்கும் கீழே என்று இறங்க வேண்டியவர்கள் உண்டு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது தவறு, ரத்தத்தில் மருந்து ஊஞ்சலாடும்.

சின்ன அளவுக்குப் பெரிய வேலை என்று ஹானிமன் சொன்னது கடைசியில் எஸ்சிட்டலோபிராமில் பலித்துவிட்டது. ஆனால் இங்கே மூலக்கூறு இருக்கிறது.

எட்டிக்கொட்டை | 7 ஜூன், காலை 7.22

மேலே விட்டது: மனச்சோர்வு மாதிரி வேஷம் போடுபவை. எந்த வைத்தியம் தொடங்கும் முன்பும் தைராய்டு டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு குறைந்து அசதி, மறதி, எடை ஏற்றம், அழுகை என்று வந்தவருக்கு செபியாவும் வேண்டாம், எஸ்சிட்டலோபிராமும் வேண்டாம், தைராக்ஸின் வேண்டும். முன்பு எப்போதாவது தூங்காமலே உற்சாகம், கண்மண் தெரியாத செலவு, ஓயாத பேச்சு என்று ஒரு வாரம் இருந்தாரா என்று வீட்டாரிடம் கேட்க வேண்டும். இருந்தால் அது இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் எதிர்ப்பக்கம் குப்புறத் தள்ளிவிடும்.

தாழ்வாரம் | 7 ஜூன், மாலை 4.30

எந்தப் பக்கம் போனாலும் அளவெடுத்துக்கொண்டு போங்கள். பிஎச்க்யூ-9 தமிழில் இருக்கிறது. ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. ஐந்து முதல் லேசு, பத்து முதல் மிதம், பதினைந்து முதல் சற்றுக் கடுமை, இருபது முதல் கடுமை. தேதி போட்டு எழுதி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஐந்து புள்ளியாவது இறங்கினால்தான் அது மாற்றம். ஆறு வாரத்தில் அசைவே இல்லை என்றால் எந்த முறையோ அதை மாற்ற வேண்டும், அது உருண்டையானாலும் மாத்திரையானாலும். ஒன்பதாவது கேள்வி உயிரைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது விழுந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே பேச வேண்டும். 14416 டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், இரவும் பகலும், தமிழிலும் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

சொல் பற்றி ஒரு வார்த்தை. கரிசல் "மன அழுத்தம்" என்று ஆரம்பித்தார், நாம் "மனச்சோர்வு" என்று மாற்றிவிட்டோம். அழுத்தம் என்பது வெளியிலிருந்து வருவது, கடன், வேலை, மாமியார். அது நீங்கினால் போய்விடும். சோர்வு நோய், காரணம் நீங்கிய பிறகும் உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குவதால், அழுத்தத்துக்குத் தேறிய வைத்தியத்தைச் சோர்வுக்கும் சிபாரிசு செய்கிறோம்.

வீரியம்30 | 7 ஜூன், இரவு 9.50

மனநல வைத்தியத்தில் ஹோமியோ மருத்துவருக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்று கேட்டிருந்த ஒருவருக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் "மனநல வல்லுநர்" பட்டியலில் ஹோமியோபதியில் மனநல முதுநிலைப் பட்டம் பெற்றவரும் இருக்கிறார். சித்தாவில் சிறப்பு மருத்துவம் முதுநிலையும் அதே வரியில். வெறும் பி.எச்.எம்.எஸ். அந்தப் பட்டியலில் வராது, நான் உட்பட. கோட்டயம் அருகே குறிச்சியில் ஹோமியோ மனநலத்துக்கென்றே மத்திய அரசு நிறுவனம் நடக்கிறது. பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடி கொடுத்தால் மருந்துப் பெயரும் வீரியமும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் எழுந்துவிடுங்கள்.

கரிசல்காடு | 8 ஜூன், காலை 6.40

முதல் பதிவில் "அன்றே நிறுத்திவிடலாம்" என்ற வரியை அடித்துவிட்டேன், கீழே எட்டிக்கொட்டையின் முதல் பதிலைப் பார்க்கச் சொல்லி எழுதிவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். உருண்டை சாப்பிடும்போது காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, கற்பூர வாசனை கூடாது என்கிறார்களே. சிலருக்கு நாலே நாளில் தூக்கம் வந்துவிடுகிறதே, அது?

எட்டிக்கொட்டை | 8 ஜூன், காலை 6.55

அது காபி. தினம் நாலு டம்ளர் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு நாள் தலைவலி, மூன்றாம் நாள் முதல் தூக்கம். காஃபீனுக்கு அரைவாழ்வு ஐந்து மணி நேரம், மாலை ஆறு மணிக் காபியில் பாதி இரவு பதினொன்றுக்கும் ரத்தத்தில் இருக்கும். உருண்டை வேண்டாம் என்று முடிவு செய்தாலும் மதியம் இரண்டுக்கு மேல் காபி வேண்டாம். பச்சை வெங்காயம் தாராளமாகச் சாப்பிடலாம்.

வீரியம்30 | 8 ஜூன், காலை 7.01

காலைக் காபி மட்டும் நானும் விட்டதில்லை.